ஸ்டுட்கார்ட்டில் குடித்தனம்: ஊர்ப் பட்டியலுக்கு முன் லீவு கணக்கு

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கணவருக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, படித்த வெளிநாட்டவர் அங்கே தங்கி வேலை பார்க்கத் தரும் அனுமதியான புளூ கார்டும் வந்துவிட்டது, நீங்கள் இரண்டு மாதத்தில் போய்ச் சேரப் போகிறீர்கள். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், சனி ஞாயிறுகளில் பாரிஸ், சுவிட்சர்லாந்து, லண்டன் என்று போய்வர முடியுமா, வரும் கோடையில் மாமனார் மாமியாரை மூன்று மாதம் அழைத்து வைத்துக்கொள்ளலாமா, பெட்டியில் என்ன எடுத்துப் போவது, கடைசியாக வரி விஷயம். ஐந்து கேள்வியாக எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஒரு கார்டு, ஒரு சம்பளம், வருஷத்துக்கு எண்ணி வைத்த லீவு. இதற்குள் இந்த ஆசையெல்லாம் அடங்குமா?

அடங்கும், ஆனால் முதல் வருஷத்திலேயே எல்லாம் அடங்காது. நானும் என் வீட்டுக்காரரும் ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய எஸ்லிங்கனில் சில வருடங்கள் குடித்தனம் நடத்தினோம். திரும்பி வந்தபிறகு பெரம்பூரில் டிக்கெட், விசா காகித வேலைதான் பிழைப்பு. அதனால் இரண்டு பக்கமும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். சட்டத்தில் எழுதியிருப்பதை உறுதியாகச் சொல்வேன். அதிகாரியின் கையில் இருக்கும் விஷயங்களை, அதாவது அப்பாயின்ட்மென்ட் எப்போது கிடைக்கும், கார்டு எத்தனை வாரத்தில் வரும் என்பதையெல்லாம், யார் தேதி போட்டுச் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும் சேர்த்துத்தான்.

முதலில் வீடும் பெயரும். வாடகை வீட்டுக்குள் போன 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு தாள் வேண்டும். வரி எண், வங்கி அட்டை, இன்சூரன்ஸ் அட்டை எல்லாம் அந்த முகவரிக்குத் தபாலில்தான் வரும். நம் பக்கத்தில் கதவு எண் தப்பாக இருந்தால்கூட தபால்காரர் விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அங்கே அடுக்குமாடிகளில் பெரும்பாலும் ஃபிளாட் எண்ணே கிடையாது. கீழே வரிசையாக இருக்கும் தபால் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள், பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும்.

இதில் நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் உங்கள் அப்பா பெயர் இருக்கும், கணவர் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர் இருக்கும். ஜெர்மன்காரர் கண்ணுக்கு நீங்கள் இருவரும் வேறு வேறு குடும்பம். ஆகவே பெட்டியிலும் அழைப்பு மணியிலும் இரண்டு பெயரும், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து மாறாமல், இருக்கட்டும். இன்னொன்று, வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு இருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் வரும். வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் அது கட்டியே ஆகவேண்டிய கட்டணம், 2021-லிருந்து மாதம் 18.36 யூரோ. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். கணவர் கட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கு வந்த கடிதத்துக்கு அவருடைய கணக்கு எண்ணை எழுதிப் பதில் போடுங்கள். கிழித்துப் போட்டீர்களோ, அபராதம் சேர்ந்துகொண்டே போகும்.

ஸ்டுட்கார்ட் பக்கம் மட்டும் விசேஷமாக ஒரு வழக்கம் உண்டு, கேர்வோகே என்பார்கள். அந்த வாரம் மாடிப்படி, வாசல் நடைபாதை பெருக்கித் துடைப்பது யார் முறையோ அவர்கள் வீட்டுக் கதவில் ஒரு சின்னப் பலகையைத் தொங்கவிட்டுவிடுவார்கள். பனி கொட்டினால் தள்ளுவதும் பல கட்டடங்களில் முறை வைத்துத்தான். நம் ஒண்டுக்குடித்தனத்தில் அடிபம்புக்கும் தண்ணி லாரிக்கும் முறை வைப்போமே, அதுபோலத்தான். என்ன, இங்கே சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பார்கள், அங்கே ஒன்றும் சொல்லாமல் வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுவார்கள். அந்தப் பலகை உங்கள் கதவில் தொங்கும் வாரம் ஊருக்குப் போவதாக இருந்தால் பக்கத்து வீட்டம்மாவிடம் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அக்கம்பக்கத்தில் பழக்கம் ஏற்பட்டதே இந்த மாற்றிக்கொள்ளலில்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பெரிய ரயில் நிலையத்துக் கடைகள், பெட்ரோல் பங்க், சில பேக்கரிகள் திறந்திருக்கும், அவ்வளவுதான். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரையும், ஞாயிறு முழுக்கவும் அமைதி நேரம். சட்னி அரைப்பதைச் சனிக்கிழமையே முடித்துக்கொள்வது நல்லது. கண்ணாடி பாட்டில்களைப் பொதுத் தொட்டியில் போடுவதுகூட ஞாயிறன்று கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் வாங்கினால் 25 சென்ட் டெபாசிட் சேர்த்து வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கடையில் உள்ள மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

இப்போது நீங்கள் ஆவலோடு கேட்ட ஊர் சுற்றும் விஷயத்துக்கு வருகிறேன். பலரும் என்னிடம் நாடுகளின் பட்டியலோடு வருகிறார்கள். நான் முதலில் கேட்பது லீவு எத்தனை நாள் என்றுதான். வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சட்டப்படி குறைந்தது 20 நாள். கம்பெனிகளில் பொதுவாக 28-லிருந்து 30 வரை கொடுப்பார்கள். ஆனால் வேலையில் சேர்ந்து 6 மாதம் ஆனபிறகுதான் முழு லீவுக்கும் உரிமை, அதுவரை மாதத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. சரி, 30 என்றே வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஒருமுறை சென்னை வந்து போனால், கல்யாணம், காதுகுத்து, மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 15 நாள் போய்விடும். மாமனார் மாமியார் வரும்போது இறக்கி ஏற்றிவிட, கூட்டிக்கொண்டு சுற்ற, 6 நாளாவது வேண்டும். கையில் மிச்சம் 9. உங்கள் ஐரோப்பா அந்த ஒன்பதுக்குள்தான்.

அந்த ஒன்பதை இழுக்க ஒரு வழி இருக்கிறது. ஈஸ்டருக்குப் பிறகு வரும் இயேசு விண்ணேற்ற நாள் எப்போதும் வியாழக்கிழமை. அதற்கு மூன்று வாரம் கழித்து வரும் நற்கருணைப் பெருவிழாவும் வியாழன்தான், உங்கள் மாநிலமான பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் அதற்கும் விடுமுறை உண்டு. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் நாலு நாள் கிடைக்கும். எல்லாருக்கும் இந்தக் கணக்கு தெரியும் என்பதால் அலுவலகத்தில் ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையில், உங்கள் மாநிலத்தில் ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை, எல்லாமே விலை ஏறும். குழந்தை இல்லாத தம்பதி அந்த நாள்களில் வெளியூர் போவது வீண் செலவு என்பது என் கருத்து. செப்டம்பர் பிற்பாதி எனக்குப் பிடித்த காலம்.

எங்கெல்லாம் போகலாம்? ஜெர்மன் கார்டு வைத்திருப்பவர் ஷெங்கன் பகுதியின், அதாவது ஒரே பொது விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில், மற்ற நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் இருக்கலாம். ஜெர்மனியில் இருக்கும் நாள் இந்தக் கணக்கில் வராது. ஷெங்கன் என்பது இப்போது 29 நாடுகள். குரோஷியா 2023-ல் சேர்ந்தது, ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியில் முழுமையாகச் சேர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும் இதில் உண்டு, ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்து இல்லை. லண்டனுக்கு இந்தக் கார்டு உதவாது, தனி விசா எடுத்தாக வேண்டும். அதை முதல் வருஷப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பக்கத்து நாடுதானே என்று கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. சூரிச்சிலிருந்தோ பாரிஸிலிருந்தோ திரும்பும் ரயிலில் போலீஸ் ஏறினால் பாஸ்போர்ட், கார்டு இரண்டையும் அசலாகக் கேட்பார்கள். போனில் இருக்கும் படம் செல்லாது. போன் என்றதும் ஞாபகம் வருகிறது, ஜெர்மன் சிம்மின் ரோமிங் சலுகை ஒன்றிய நாடுகளில் செல்லும், சுவிட்சர்லாந்தில் சட்டப்படி கட்டாயம் இல்லை. எல்லை தாண்டும்முன் டேட்டாவை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பில்லைப் பார்த்துத் தலை சுற்றும்.

சட்டம் ஒன்று, நடைமுறை ஒன்று என்று இருக்கும் இடம் இதுதான். நீங்கள் போவது குடும்ப விசாவில். அது செல்லும்வரை மேலே சொன்ன 90 நாள் சலுகை உங்களுக்கும் உண்டு. விசா முடிந்து, பிளாஸ்டிக் கார்டு இன்னும் கைக்கு வராமல் இருக்கும் இடைவெளியில் ஒரு தற்காலிகத் தாள் கொடுப்பார்கள். அதன் உள்பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும், எதில் டிக் போட்டிருக்கிறார்களோ அதைப் பொறுத்து உங்கள் உரிமை மாறும். ஒருவகைத் தாளில் வெளியே போனால் திரும்பி நுழையவே முடியாது. இன்னொரு வகையில் ஜெர்மனிக்குத் திரும்பலாம், ஆனால் நடுவில் வேறு நாட்டு விமான நிலையத்தில் இறங்கும்போது அங்குள்ள அதிகாரி ஏற்பாரா என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்தத் தாளை நம்பி டிக்கெட் போடாதீர்கள். கார்டு வரும்வரை ஜெர்மனிக்குள்ளேயே சுற்றுங்கள். பார்க்க வேண்டியது அங்கேயே நிறைய இருக்கிறது.

அதற்கு மாத டிக்கெட் ஒன்று போதும். நாடு முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் செல்லும் அந்த டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-ல் 58 ஆனது, 2026 ஜனவரி முதல் 63. வேக ரயிலில் செல்லாது. வேண்டாமென்றால் மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும், இல்லையென்றால் அடுத்த மாதத்துக்கும் பிடித்துக்கொள்வார்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ, புதிதாக வந்தவர்கள் என்று சொன்னாலும் இரக்கம் கிடையாது.

தூரப் பயணத்துக்கு மலிவு டிக்கெட் எடுத்தால் அந்த ஒரு ரயிலில்தான் போக வேண்டும். ஆனால் சேரும் இடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், வேறு ரயிலில் ஏறலாம். இது தெரியாமல் பிளாட்பாரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்கள் ஏராளம். 60 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடமானால் பாதியும் திரும்பக் கேட்கலாம். ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று இங்கே நம்பிக்கொண்டிருக்கிறோம். போய்ப் பார்த்தால் தெரியும். கடைசி இணைப்பு ரயிலுக்கு ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுத் திட்டம் போடுங்கள்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து பாரிஸ் வேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், கார் த லெஸ்ட் நிலையத்தில் இறங்குவீர்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் லா ஷப்பெல், ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த தெரு. தோசையும் கொத்து ரொட்டியும் கிடைக்கும், கறிவேப்பிலை கட்டுக்கட்டாகக் கிடைக்கும். மாமியாரை அழைத்துப் போனால் ஈபிள் கோபுரத்தைவிட இந்தத் தெருவைப் பற்றித்தான் ஊரில் வந்து அதிகம் பேசுவார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியிலேயே ஹாம் நகரத்தில் காமாட்சி அம்மன் கோயில் ராஜகோபுரத்தோடு இருக்கிறது, 2002-ல் குடமுழுக்கு நடந்தது. அதன் தேர்த் திருவிழா கோடைத் தொடக்கத்தில் வரும்.

பெரியவர்கள் வருகையைத்தான் நீங்கள் மிகச் சுலபமாக நினைத்திருக்கிறீர்கள். 'ஜூன், ஜூலை, ஆகஸ்ட், மூன்று மாதம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பாருங்கள்: 30, 31, 31, மொத்தம் 92 நாள். விசாவில் அதிகபட்சம் 90, இறங்கும் நாளும் ஏறும் நாளும் அதில் சேர்த்தி. இரண்டு நாள் மீறல் என்பது அடுத்த விசாவுக்கு வினையாகிவிடும். முன்பெல்லாம் பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்து எண்ண வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுத்து கம்ப்யூட்டரே எண்ணிவிடுகிறது. கார்டு வைத்திருக்கும் உங்களுக்கு அந்தப் பதிவு இல்லை, அவர்களுக்கு உண்டு, இறங்கியதும் வரிசையில் நிற்க வேண்டும். இன்னொன்று, விசா ஒட்டியதும் அதில் தங்கும் நாள் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 90 கேட்டு 45 கொடுத்த விசாக்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. தேதி நீளமாக இருக்கிறதே என்று அதையே தங்கும் காலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விண்ணப்பம் பயணத்துக்கு 6 மாதம் முன்னாலிருந்து கொடுக்கலாம். ஜூனில் வரவேண்டுமென்றால் டிசம்பரிலேயே வேலையைத் தொடங்குங்கள். ஏப்ரலில் தொடங்கினால் சென்னையில் அப்பாயின்ட்மென்ட் பிடிப்பதே பெரும்பாடு. கட்டணம் 2024 ஜூனிலிருந்து ஒருவருக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. கணவர் ஸ்டுட்கார்ட் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி, செலவுப் பொறுப்பு முழுக்க என்னுடையது என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம் வாங்கி, அசலை கூரியரில் அனுப்ப வேண்டும். அது வெறும் சம்பிரதாயத் தாள் இல்லை, பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால்கூட அவர் தலையில்தான் விழும். இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். மலிவான பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கு ஒன்றும் தரமாட்டார்கள், அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒழுங்காக வந்து போனால் பலன் உண்டு. 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, மூன்று வருஷத்துக்குள் இரண்டு விசாவைச் சரியாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு அடுத்தது இரண்டு வருஷ விசா, அதன்பின் ஐந்து வருஷ விசா என்று போகும்.

அவர்களுக்குச் சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் நேரடி விமானமே நல்லது. வீல்சேர் வேண்டுமென்று டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய நிறுவன விமானமானால் போக, வர இரண்டு பக்கமும் ஐரோப்பியத் தாமத இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். இவ்வளவு தூரத்துக்கு 3 மணி நேரத் தாமதமானால், காரணம் நிறுவனத்தின் கையில் இருந்தால், ஆளுக்கு 600 யூரோ வரை. வளைகுடா நிறுவனமானால் ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் பயணத்துக்கு மட்டும்தான் அது. பல நாடுகளில் செல்லும் ரயில் பாஸிலும் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது. நீங்கள் ஐரோப்பாவில் குடியிருப்பவர் என்பதால் இன்டர்ரெயில், அவர்களுக்கு யூரெயில். இரண்டு பேருக்கும் ஒரே பாஸை எடுத்துவிடாதீர்கள். அதைவிட, அறுபது தாண்டியவர்களுக்கு மூன்று மாதத்தில் ஐந்து நாடு காட்ட வேண்டியதில்லை, ஒரு பாரிஸ், ஒரு சுவிட்சர்லாந்து போதும்.

பெட்டி விஷயம். நெய், பனீர், இறைச்சி ஊறுகாய் எதுவும் ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. காசிமேட்டுக் கருவாடு கொண்டுபோகலாம், மீன் வகைகளுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. நெத்திலியை இரண்டு மூன்று உறை போட்டு காற்றுப் புகாமல் கட்டுங்கள், இல்லையென்றால் சேலையெல்லாம் மணக்கும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், முருங்கைக்காய்க்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்று தேவையில்லாதவை ஐந்தே பழங்கள்: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான். ஆனால் கொப்பரை எளிதில் தீப்பற்றும் என்று விமானப் பாதுகாப்பு விதியிலேயே தடை. மருந்து மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

மிக்சி கொண்டுபோகலாம், அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக் மாற்றி ஒன்று போதும். அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது, அடிப்பாகம் எஃகு உள்ளதாக வாங்குங்கள். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்துங்கள், கூடத்துப் புகை அலாரம் மிளகாய்க்குக்கூட அலறும்.

உங்களைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். புளூ கார்டு வைத்திருப்பவரின் மனைவிக்கு விசாவுக்கு ஜெர்மன் தேர்வு கட்டாயமில்லை. அதை வைத்துப் படிக்காமல் போய்விடாதீர்கள். குடும்ப அனுமதியில் நீங்களும் வேலை பார்க்கலாம், எந்தத் தடையும் இல்லை, மொழிதான் தடை. டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும், கணவர் வர ஆறாகும். அந்த நேரத்தில் வகுப்பு ஒன்று இருப்பது மனசுக்கும் நல்லது. நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் முதல் நிலை வகுப்பில் இப்போதே சேர்ந்துவிடுங்கள். அங்கே போனபின் நகராட்சி ஆதரவில் நடக்கும், வயது வந்தோருக்கான கல்வி நிலையத்தில் தொடரலாம்.

வரி பற்றிக் கடைசியில் கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்லப் போவதில்லை, அது என் துறை இல்லை. இரண்டு நாட்டு வருமானமும் தெரிந்த ஆடிட்டரைப் பாருங்கள். கிளம்பும் முன் வங்கியில் சேமிப்புக் கணக்குகளை வெளிநாடு வாழ் இந்தியர் கணக்காக மாற்றக் கொடுங்கள், ஓடிபி வரும் சென்னை நம்பரில் ரோமிங்கைத் திறந்து வையுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் டிக்கெட் போடும்முன் அந்த விமான நிறுவனத்திடம் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டுவிடுங்கள். ஒவ்வொருவர் ஒரு மாதிரி கேட்கிறார்கள்.